நெறி கட்டியது எனக்கு, கட்டி இருந்தது பெரியம்மாவுக்கு



பேலன்ஸ் ஷீட்டையும் ஆடிட்டிங்கையும் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தவள் திடீரென்று உடம்பைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று நினைக்காதீர்கள். 1965-லிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கிற செங்கல்பட்டில், இதை எழுதத் தகுதியான ஆட்கள் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். நான் வெறும் பி.காம் மூன்றாம் வருடம். ஆனாலும் என் வீட்டில் நடந்தது இது. நம் வகுப்பில் இருக்கிற 40 பேருக்காவது அம்மா, அக்கா, அத்தை, பெரியம்மா என்று யாராவது இருப்பார்கள் இல்லையா? அவர்களுக்காகத்தான் இது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, முதல் செமஸ்டர் பரீட்சைக்கு முந்தைய வாரம். குளிக்கும்போது வலது கக்கத்தில் சோப்பு போட்ட கை ஒரு இடத்தில் நின்றுவிட்டது. தோலுக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஏதோ ஒன்று. அழுத்தினால் வலித்தது. விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

அன்றைக்கு ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு 'அக்குளில் கட்டி' என்று தட்டினேன். மூன்றாவது வரியிலேயே மார்பகப் புற்றுநோய் என்று இருந்தது. அவ்வளவுதான். அடுத்த இரண்டு மணி நேரத்தில் நான் செத்து, என் காரியத்துக்கு யார் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது வரை கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். காமர்ஸ் புத்தி!

அம்மாவிடம் சொல்ல முடியாது. அம்மா முதலில் அழுவார்கள், அப்புறம் வேண்டிக்கொள்வார்கள், டாக்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்தில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சுமார் 30 கிலோமீட்டர். வழியெல்லாம் எந்தக் கோயிலைப் பார்த்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மா மகள்தானே!

பெரியம்மா ஒரு சிற்பக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். உளி பிடிக்கிற வேலை இல்லை. ஆண்கள் செதுக்கி வைக்கிற சின்னச் சின்ன மாக்கல் பிள்ளையார், யானை, ஆமை எல்லாவற்றையும் தண்ணீரில் நனைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை. கடற்கரைக் கோயில் பக்கம் டூரிஸ்ட்டுகள் வாங்கிப் போகிற பிள்ளையாரில் எங்கள் பெரியம்மா கை பட்டது எத்தனையோ இருக்கும்.

விஷயத்தைச் சொன்னேன். கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"அடிப்போடி பைத்தியம். பிளேடு போட்டியா? இதோ பாரு, பக்கத்துல ஒரு கொப்புளம் சீழ் வெச்சிருக்கு. அதான் நெறி கட்டியிருக்கு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பெரியம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

"வலிக்குதா பாப்பா?"

"வலிக்குது பெரியம்மா."

"தொட்டா நகருதா?"

"நகருது."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துத் தன்னுடைய இடது கக்கத்தில் வைத்தார். என் மொச்சைக்கொட்டையை விடச் சின்னதுதான். ஆனால் அவர் தேய்க்கிற கல் மாதிரி கெட்டியாக இருந்தது. தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை.

"எனக்கு வலிக்கவே இல்லடி. வலிக்காததுனால நல்லதுதானேன்னு வுட்டுட்டேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சரி, நெறி என்றால் என்ன? நம் உடம்பில் ரத்தக் குழாய் போலவே நிணநீர்க் குழாய் என்று ஒரு தனி வலை ஓடுகிறது. திசுக்களில் கசிகிற நீரை அள்ளி மறுபடி ரத்தத்தில் சேர்ப்பது அதன் வேலை. வழியில் ஆங்காங்கே சின்னச் சின்ன முடிச்சுகள், அதாவது நிணநீர்க் கணுக்கள். உடம்பு முழுக்க நூற்றுக்கணக்கில் உண்டு. ஒரு கக்கத்தில் மட்டும் சுமாராக 20 முதல் 40 வரை இருக்கும்.

நம்ம ஊர்க்காரர்களுக்குப் பரனூர் டோல்கேட் என்றால் போதும், புரிந்துவிடும். கணு என்பது ஒரு டோல்கேட். வருகிற ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்க்கும். கையிலோ கக்கத்திலோ சீழ் வைத்தால் கிருமிகள் இந்த வழியாக வரும். கணுவுக்குள் இருக்கிற வெள்ளையணுக்கள் பெருகிச் சண்டை போடும். அதனால் அது வீங்கும், வலிக்கும். பொங்கல் லீவு முடிந்து சென்னைக்குத் திரும்புகிற நாளில் பரனூரில் வண்டி நிற்கிற மாதிரி. கூட்டம் இருக்கிறது என்றால் கேட் வேலை செய்கிறது என்று அர்த்தம். பண்டிகை முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும். எனக்கும் இரண்டு வாரத்தில் கலைந்துவிட்டது.

நெறி கட்டுவதற்கு இப்படி எத்தனையோ சாதாரணக் காரணங்கள் உண்டு. 2021-ல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட பலருக்கு ஊசி போட்ட பக்கத்துக் கக்கத்தில் நெறி கட்டியது. மார்பக ஸ்கேனில் அது தெரிந்து, ஒன்றுமில்லாதவர்கள் பயந்துபோன கதை உலகம் முழுக்க நடந்தது. கைக்குழந்தைக்கு இடது தோளில் பி.சி.ஜி. போட்ட பிறகு சில நேரம் இடது கக்கத்தில் நெறி கட்டுவதும் இதே கதைதான்.

பி.சி.ஜி. என்றதும் எங்கள் மாவட்டப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தடுப்பூசி பெரியவர்களைக் காசநோயிலிருந்து காப்பாற்றுகிறதா என்று பார்க்க உலகத்திலேயே மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று 1968-ல் தொடங்கியது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். (அப்போது திருவள்ளூர் பக்கமும் இதே மாவட்டம்.) லட்சக்கணக்கான மக்கள் கலந்துகொண்டார்கள். பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. எல்லோருக்கும் ஏமாற்றம்தான். ஆனாலும் குழந்தைகளுக்கு வருகிற மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் இன்றைக்கும் போடுகிறார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் வாரக்கணக்கில் வற்றாத நெறிக்கு, முக்கியமாகக் கழுத்து நெறிக்கு, காசநோய் ஒரு பெரிய காரணம். அதற்கு இலவச மருந்து இருக்கிறது. பொதுவாக ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும்.

அப்படியென்றால் எந்த நெறிக்குப் பயப்பட வேண்டும்? கெட்டியாக இருப்பது. நகராமல் ஒட்டிக்கொண்டிருப்பது. காய்ச்சலோ புண்ணோ இல்லாமலே வந்தது. இரண்டு மூன்று வாரம் தாண்டியும் வற்றாதது, அல்லது வளர்ந்துகொண்டே போவது. கழுத்தடியில் காறை எலும்புக்கு மேலே வருகிற எந்த நெறியும். இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். புற்றுநோய் என்று முடிவு கட்ட இல்லை, பார்த்துத் தெரிந்துகொள்ள.

மார்பிலிருந்து வருகிற நிணநீரில் பெரும்பங்கு கக்கத்துக்குத்தான் வருகிறது. அதனால் மார்பில் புற்றுநோய் வந்தால், அந்தச் செல்கள் வெளியே கிளம்பும்போது அநேகமாக முதலில் வந்து மாட்டுகிற டோல்கேட் கக்கத்துக் கணு. இங்கே நடப்பது கூட்டம் இல்லை. திருடன் டோல்கேட்டுக்குள்ளேயே குடியேறிவிடுகிறான். அவன் பெருகப் பெருகக் கணு கல்லாகிறது. அங்கே சண்டை நடக்காததால் பெரும்பாலும் வலியும் இருக்காது. சில பேருக்கு மார்பில் எதுவும் தெரியாமல் கக்கத்து நெறியே முதல் அறிகுறியாக இருப்பதும் உண்டு, ஆனால் அது அபூர்வம்.

பெரியம்மாவுக்கு அப்படி இல்லை. மார்பிலேயே கட்டி இருந்தது. எட்டு மாதமாக!

யாரிடமும் சொல்லவில்லை. கூடப் பிறந்த எங்கம்மாவிடம் கூட. பெரியப்பாவிடம் சொல்லக் கூச்சம். கக்கத்தில் வந்ததை மட்டும் ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். கல் தேய்க்கிற கையில் எப்போதும் கீறல் இருக்கும், அதனால்தான் நெறி என்று அவர் ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். சேலைத் தலைப்பை விலக்கிப் பார்க்கவில்லை. பெரியம்மாவும் விலக்கிக் காட்டவில்லை. அப்புறம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார். யாரைக் குற்றம் சொல்வது? 'மார்பு' என்று என்னால் பெரியப்பா முன்னால் சொல்ல முடிந்ததா? "பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்ல, நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரி போகணும்" என்றுதான் சொன்னேன். "என்ன உடம்பு?" என்று கேட்டார். "பொம்பளைங்க விஷயம்" என்று சொன்னேன். உடனே அவர் வாயை மூடிக்கொண்டார். இந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை வீட்டில் எத்தனை பேர் ஒளிந்துகொண்டிருக்கிறார்களோ.

ஆஸ்பத்திரியில் மூன்று படி. டாக்டரம்மா கையால் தொட்டுப் பார்த்தார். மேமோகிராமும் ஸ்கேனும் எடுத்தார்கள். பிறகு கட்டியிலும் நெறியிலும் ஊசி போட்டுத் துளி எடுத்தார்கள். "ஊசி குத்தினா பரவிடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா போனில் பயமுறுத்தினார். டாக்டரம்மாவிடமே கேட்டேன். "ஊசிக்காக நாள் தள்ளினா அதுதாம்மா பரவும்" என்று சொன்னார். முடிவு வந்தது. இரண்டிலும் புற்றுநோய்.

அன்றைக்குத்தான் அம்மாவுக்கும் தெரிந்தது. அம்மா எதிர்பார்த்தபடி அழுதார். ஆனால் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாளே டாக்டரம்மாவிடம் போய், "எனக்கும் பாத்துடுங்க" என்று உட்கார்ந்தார். (ஒன்றும் இல்லை. ஆனாலும் வருடம் தவறாமல் காட்டுகிறார்.)

அந்த நாட்களில் நான் படித்தது ஆடிட்டிங் புத்தகத்தை விட இதைத்தான். அதில் ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 1890-களில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை டாக்டர், மார்பை மட்டுமல்ல, அதற்கு அடியில் இருக்கிற தசை, கக்கத்துக் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டி எடுக்கிற முறையைப் பிரபலப்படுத்தினார். எவ்வளவு அதிகம் வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது கணக்கு. முக்கால் நூற்றாண்டு அதுதான் சட்டம் மாதிரி இருந்தது. 1971-ல் பெர்னார்ட் ஃபிஷர் என்ற டாக்டர், உண்மையிலேயே அதனால் கூடுதல் உயிர் பிழைக்கிறதா என்று ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். மற்ற டாக்டர்கள் சண்டைக்கு வந்தார்கள். 25 வருடம் பின்தொடர்ந்து பார்த்து 2002-ல் முடிவை வெளியிட்டார். வித்தியாசம் இல்லை! அவ்வளவு காலம் பெண்கள் தசையையும் இழந்தது கூடுதல் ஆயுளைத் தரவில்லை.

அதற்கப்புறம் 1990-களில் வந்தது காவல் கணு சோதனை. ஆடிட்டிங் படிக்கிறவர்களுக்கு டெஸ்ட் செக் தெரியும். எல்லா வவுச்சரையும் பார்க்காமல் சிலதைப் பார்த்து முடிவுக்கு வருவது. முதலில் இதுவும் அதுதான் என்று நினைத்தேன். இல்லை. நாம் எடுப்பது குத்துமதிப்பான சாம்பிள். இது அப்படி இல்லை. மார்பில் நீல மையோ கதிரியக்கத் திரவமோ செலுத்துவார்கள். அது முதலில் போய்ச் சேருகிற ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். செங்கல்பட்டில் திருட்டுப் போன லாரி ஜி.எஸ்.டி. ரோட்டில் சென்னைக்குப் போயிருந்தால் பரனூரைத் தாண்டாமல் போக முடியாது. பரனூர் கேமராவில் இல்லையென்றால் அதற்கு அடுத்த இடத்தில் தேட வேண்டாம். அதே மாதிரி முதல் கணு சுத்தமாக இருந்தால் மற்றதை விட்டுவிடலாம். இப்போது முதல் கணுவில் கொஞ்சம் இருந்தால் கூட, சில பேருக்கு எல்லாவற்றையும் எடுக்கத் தேவையில்லை என்று 2011-ல் வந்த ஆய்வு சொன்னது.

ஆனால் இந்த வசதி எல்லாம் சீக்கிரம் வருகிறவர்களுக்கு. பெரியம்மாவுக்கு நெறி கைக்கே தட்டுப்பட்டுவிட்டது. அதனால் முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கினார்கள். அப்புறம் ஆபரேஷன். ஒரு மார்பும் கக்கத்துக் கணுக்களும் எடுக்கப்பட்டன. ரிப்போர்ட்டில் 17-க்கு 3 என்று இருந்தது. எடுத்த கணு 17, அதில் புற்றுநோய் இருந்தது 3. நான் இதுவரை வாங்கின எந்த மார்க்கையும் அப்படி முறைத்துப் பார்த்ததில்லை. மார்க் கம்மியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. பிறகு கரன்ட் வைத்தார்கள். (கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் வார்டில் எல்லோரும் சொல்கிற பெயர் இதுதான்.) இப்போது தினமும் ஒரு மாத்திரை. குறைந்தது ஐந்து வருடத்துக்கு.

அந்த எட்டு மாதத்தின் விலை என்ன? கணக்குப் படிக்கிறவள் கணக்காகவே சொல்கிறேன். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி மார்பகப் புற்றுநோய் மார்போடு நிற்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் 100-க்கு சுமார் 99 பேர். கக்கத்துக் கணுவுக்கு வந்துவிட்டால் சுமார் 87. நுரையீரல், எலும்பு என்று தூரம் போய்விட்டால் சுமார் 32. கணுவுக்கு வந்துவிட்டதாலேயே கதை முடிந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். 87 சின்ன எண் இல்லை. அந்த எண்ணைத்தான் பெரியம்மாவின் மருந்துச்சீட்டு நோட்டு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

நம் நாட்டில் 2022-ல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு இது புதிதாக வந்திருக்கும், சுமார் 98 ஆயிரம் பேர் இறந்திருப்பார்கள் என்று உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது. பெரியம்மாவை மாதிரித் தாமதமாக வருகிறவர்கள்தான் இங்கே நிறைய.

இதற்குக் கோடி ரூபாய் மெஷின் வேண்டாம். மும்பை டாடா ஆஸ்பத்திரிக்காரர்கள் 1998-ல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் பின்தொடர்ந்தார்கள். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் மார்பைத் தொட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. 2021-ல் இதை வெளியிட்டார்கள். வெறும் கை!

நம் பக்கமும் சும்மா இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் வாங்கிய முத்துலட்சுமி ரெட்டி, 1923-ல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தைச் சுமந்துகொண்டு முப்பது வருடம் அலைந்து, 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அப்போது 12 படுக்கை. அடுத்த வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அதற்காகவே வாழ்ந்தார். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அண்ணாவும் 1969-ல் புற்றுநோயில்தான் போனார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதி அதில் போய்விடும். எங்களுக்குப் போனது. பஸ் காசும், போன நாட்களின் கூலியும் எந்த அட்டையிலும் வராது, அது வேறு விஷயம்.

இப்போது பெரியம்மா எப்படி இருக்கிறார்? நன்றாக இருக்கிறார். முடி வந்துவிட்டது, முன்னை விடச் சுருட்டையாக! இடது கை மட்டும் சாயங்காலமானால் வீங்கும். கணுக்களை எடுத்துவிட்டதால் நீர் வடிய வழி குறைவு. யானைக்காலில் புழு குழாயை அடைக்கிறது, இங்கே குழாயே இல்லை, இவ்வளவுதான் வித்தியாசம். "தொத்துமா?" என்று ஒருத்தர் தள்ளி உட்கார்ந்தார். பெரியம்மா அவர் பக்கத்திலேயே நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். :) கீறல் பட்டால் கிருமி ஏறி வீக்கம் கூடும் என்பதால் இடது கைக்கு உறை போட்டுக்கொண்டுதான் கல்லைத் தொடுகிறார். பெரிய சிலை தூக்குவதில்லை.

போன மாதம் போயிருந்தேன். கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு அக்கா, "கக்கத்துல ஏதோ நெறி கட்டியிருக்குக்கா, ஆனா வலியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொன்னார். பெரியம்மா கையில் இருந்த ஆமையைக் கீழே வைத்தார்.

"வலிய வுடு. எத்தினி நாளா இருக்கு?"

அந்த அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை விரல் தீர்ந்து அடுத்த கைக்குப் போனதும் பெரியம்மா எழுந்து கை கழுவப் போய்விட்டார். மறுநாள் காலை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அது காசநோய் நெறி. ஆறு மாத மருந்து, இப்போது ஓடுகிறது என்று நேற்றுப் போனில் சொன்னார்.

நம் வகுப்புப் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நோய் 100-ல் ஒன்று ஆண்களுக்கும் வருகிறது. அதை விட முக்கியம், உங்கள் வீட்டில் யாராவது "பொம்பளைங்க விஷயம்" என்று சொன்னால் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். "எத்தனை நாளா?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை டாக்டர் கேட்டுக்கொள்வார்.

அவ்வளவுதான் மக்களே. நாளைக்கு காஸ்ட் அக்கவுண்டிங் இன்டெர்னல். ஒன்றுமே படிக்கவில்லை!